சிறு பொருளில் ஒரு கமரா: அறிதலும் வாங்குதலும் பேணுதலும்

கல்லூரி மலர் ஒன்று கைக்கு வந்தவுடன் அதில் முதற்கண் நாடப்படுவன பழைய படங்களே. கட்டுரைகளைப் பின்னர்ப் படிப்போம் என ஒதுக்குவோரும், மங்கிய குழுப்படம் ஒன்றைக் கண்டமாத்திரத்தே மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, இரண்டாம் வரிசையில் நிற்பவர் இன்னார், தரையில் அமர்ந்திருக்கும் சிறுவன் இன்னான் எனப் பெயர் சொல்லத் தொடங்குவர். சொல்லால் விளங்காத ஒரு காலத்தைப் படம் ஒரு நொடியில் விளக்கிவிடுகிறது.

அத்தகைய படங்கள் நம் கரையோரத்தில் அருகிவிட்டன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கு மேற்பட்டோர் இங்கு மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் முதலாய ஊர்களின் கடலோர மனைகள் உள்ளிருந்த யாவற்றுடனும் அழிந்தன. மாண்டவரின் முகத்தை அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படந்தானும் இல்லாத இல்லங்கள் இன்றும் உள. எஞ்சியவற்றையேனும் படியெடுத்துக் காத்தல் நம் தலைமுறையின் கடன். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சிறு பொருளிற் கிடைக்கும் இலக்கமுறைக் கமரா ஒன்றும், அதனைப் பற்றிய தெளிந்த அறிவும் போதியன. ஆதலின் கமரா எவ்வாறு காண்கிறது, எதனை வாங்கத் தகும், வாங்கியதைக் கொண்டு யாது செய்யத் தகும் என்னும் மூன்றனையும் முறையே ஈண்டு விளக்கக் கருதினோம்.

1. சொல்லும் பொருளும்

தமிழாசிரியர்க்கும் கமராவுக்கும் யாது தொடர்பு என வினவுவார் இருக்கலாம். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் (1892–1947) அறிவியற் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கு பெற்றவர். அறிவியலைத் தமிழிற் பயிற்றுதற்குரிய கலைச்சொற்களை ஆக்கும் முயற்சியில் முன்னின்றவர். அவர் பிறந்த மண்ணில் வாழும் நாம், ஒரு கருவியின் உறுப்புகளைத் தமிழிற் பெயரிட்டு விளங்கிக்கொள்ளத் தயங்கவேண்டியதில்லை. ஒளியைக் குவிப்பது வில்லை. அது நுழையும் வழி துவாரம். வழியைத் திறந்து மூடுவது கதவம். உள்ளிருந்து ஒளியை ஏற்பது உணரி. உணரியில் நிரல்நிரலாய் அமைந்த நுண்ணிய கூறுகள் படப்புள்ளிகள். இவ்வைந்து சொற்களையும் மனத்திற் கொண்டோர்க்கு எக்கமராவும் புதிரன்று.

2. கருவி வந்த வழி

சிறு துளை வழியே இருளறையுட் புகும் ஒளி, புறத்தேயுள்ள பொருளின் உருவைத் தலைகீழாய்க் காட்டும். இவ்வுண்மையை ஆராய்ந்து விளக்கிய பேரறிஞருள் ஒருவர், பஸ்றா நகரிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, ஏறத்தாழ 1040ஆம் ஆண்டளவில் மறைந்த இப்னு அல் ஹைதம் ஆவர். அவர் அறபு மொழியில் இயற்றிய ஒளியியல் நூல் பின்னர் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பியர்க்கும் பாடநூலாயிற்று. இருளறையில் விழுந்த உருவை அழியாது நிறுத்தும் வழியொன்றைப் பிரான்சிய நாட்டினர் தாகர் கண்டார்; அது 1839இல் உலகறிய வெளியிடப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு தகடும் பிலிமும் ஆட்சி செலுத்தின.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பொயில், சிமித் என்னும் இருவர், ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேர்த்துவைக்கும் சிலிக்கன் கருவியொன்றை வகுத்தனர். அதன் பொருட்டு அவர்கள் 2009இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். 1975இல் கொடக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் முதலாவது இலக்கமுறைக் கமராவை இயற்றினார். அதன் நிறை ஏறத்தாழ 3.6 கிலோகிராம், அதிலிருந்த படப்புள்ளிகள் 10,000 மாத்திரமே, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 செக்கன் சென்றது. அக்கருவியை ஆக்கிய கொடக் நிறுவனமே பிலிம் வணிகத்தில் ஊன்றி நின்றமையால், காலமாற்றத்தைத் தாங்காது 2012இல் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடவேண்டியதாயிற்று.

இன்று இலக்கமுறைக் கமராவையும் அதே விதி தொடர்கிறது. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட கமராக்கள் 12 கோடிக்கு மேற்பட்டன. 2020இல் அத்தொகை 90 இலட்சத்துக்கும் குறைந்தது. கைத்தொலைபேசியே கமராவின் தொழிலையும் மேற்கொண்டமை இதற்குக் காரணம். இதனால் வாங்குவோர்க்கு ஒரு தீமையும் ஒரு நன்மையும் விளைந்தன. மலிவான புதிய சிறு கமராக்கள் அருகின. நல்ல நிலையிலுள்ள பழைய கமராக்கள் பல இரண்டாங் கைக்கு வந்தன.

3. மடையும் வயலும்

கமரா ஒளியை அளந்து கொள்ளும் முறையை நம் உழவர் எளிதில் உணர்வர். வயலொன்றுக்கு இவ்வளவு நீர் வேண்டும் என வைத்துக்கொள்வோம். மடையை அகலத் திறந்து சிறிது நேரம் பாய்ச்சலாம். ஒடுக்கித் திறந்து நெடுநேரம் பாய்ச்சலாம். வயலடையும் நீர் ஒன்றே. மடையின் அகலம் போல்வது வில்லையின் துவாரம். திறந்திருக்கும் நேரம் போல்வது கதவத்தின் வேகம்.

துவாரத்தை எஃப் எண்ணாற் குறிப்பர். வில்லையின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவது அவ்வெண். ஆதலின் எண் சிறிதாயின் துவாரம் பெரிது என்பதனை மாணவர் நினைவிற் கொள்க. 2, 2.8, 4, 5.6, 8, 11 எனச் செல்லும் வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகக் குறையும். எஃப் 8இல் 125இல் ஒரு செக்கன் திறந்து பெறும் ஒளியும், எஃப் 5.6இல் 250இல் ஒரு செக்கன் திறந்து பெறும் ஒளியும் சமமாவன. ஓடும் சிறுவனைப் படம்பிடிக்க அகன்ற மடையும் குறுகிய நேரமும் வேண்டும். அசையாத ஏட்டைப் படம்பிடிக்க ஒடுங்கிய மடையும் நீண்ட நேரமும் பொருந்தும். ஒடுங்கிய துவாரத்தால் படம் விளிம்புவரை தெளிவு பெறும்.

மூன்றாவது அளவு ஐ.எஸ்.ஓ. எனப்படும். இது வயலுக்கு இடும் உரம் போல்வது. நீர் போதாவிடத்து உரத்தை மிகுத்துப் பயிரைப் பச்சையாகக் காட்டலாம். அளவு கடப்பின் பயிர் கெடும். ஐ.எஸ்.ஓ. எண்ணை 100இலிருந்து 3200 வரை உயர்த்தினால் இருட்டறையிலும் படம் விழும். ஆயின் அதன்மேல் மணல் தூவினாற் போன்ற புள்ளிகள் தோன்றும். மடை, நேரம், உரம் ஆகிய இம்மூன்றன் இணக்கமே படப்பிடிப்பின் இலக்கணம். கமரா தானே இவற்றைத் தீர்மானிக்கும் வசதி எக்கருவியிலும் உண்டு. எனினும் அவற்றை நாமே மாற்றவல்ல கருவியை வாங்குதல் கற்போர்க்கு நலம் பயக்கும்.

4. எண்ணிக்கை மயக்கம்

கடைக்குச் செல்வோரை முதலில் மயக்குவது படப்புள்ளிகளின் தொகை. நெசவுத் தொழிலாளி ஒருவரின் மகனான நம் மாணவன், பல மாதங்கள் சேமித்த பணத்தைக் கொடுத்து, 4 கோடி 80 இலட்சம் படப்புள்ளி எனப் பெட்டியில் எழுதியிருந்த கமராவொன்றை நகரக் கடையொன்றில் வாங்கிவந்தான். அதில் எடுத்த படங்கள் நீரிற் கரைந்த ஓவியம் போலத் தோன்றின. அத்தகைய மலிவுக் கருவிகளில் உணரி சிறிது. உண்மைப் புள்ளிகள் குறைவு. இடையிடையே கணக்கிட்டு நிரப்பிய பொய்ப்புள்ளிகளே மிகுதி. கடைக்காரர் கருவியைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். அச்சிறுவன் இழந்தது தந்தையின் பல நாள் உழைப்பு.

மருதமுனைத் தறிகளில் நெய்யும் சாறனை இழையெண்ணிக்கை ஒன்றினாலேயே எவரும் மதிப்பிடார். நூலின் தரத்தையும் சாயத்தின் உறுதியையும் தடவியும் நீட்டியும் பார்ப்பர். கமராவிலும் அவ்வாறே உணரியின் பரப்பையும் வில்லையின் தரத்தையும் நோக்குதல் வேண்டும். சிறு கமராக்களின் உணரி பெரும்பாலும் 6.2 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் அகலமும் உடையது. வில்லை மாற்றும் சாதாரணக் கமராக்களின் உணரி ஏறத்தாழ 23.5 மில்லிமீற்றர் நீளமும் 15.6 மில்லிமீற்றர் அகலமும் உடையது. பரப்பைப் பெருக்கிப் பார்ப்பின் பின்னது முன்னதைப்போல் ஏறக்குறையப் பதின்மூன்று மடங்காகும். பெரிய கிடங்கிற் பெருமழை நீர் நிறைதல் போல, பெரிய புள்ளியில் ஒளி நிறையும். படம் தூய்மை பெறும்.

எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பதனையும் கணக்கிட்டே அறியலாம். நல்ல அச்சுக்கு அங்குலம் ஒன்றில் 300 புள்ளிகள் போதும். 6 அங்குலம் நீளமும் 4 அங்குலம் அகலமும் உள்ள படத்துக்கு 1800ஐ 1200ஆற் பெருக்க, ஏறத்தாழ 22 இலட்சம் ஆகும். ஏ4 தாளின் முழுப்பக்கத்துக்கு 2480ஐ 3508ஆற் பெருக்க, 87 இலட்சம் ஆகும். எனவே ஒரு கோடி உண்மைப் புள்ளிகளுடைய பழைய கமராவும் இம்மலரின் முழுப்பக்கத்தை நிரப்பப் போதும்.

உருப்பெருக்கம் பற்றியும் ஒரு சொல். வில்லை அசைந்து பொருளை அண்மையிற் கொணர்வது உண்மைப் பெருக்கம். இலக்கமுறைப் பெருக்கம் எனப் பெட்டியில் அச்சிட்டிருப்பது, படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவதேயாகும். அதற்கென ஒரு சதமும் மிகுதியாகக் கொடுத்தல் ஆகாது.

5. வாங்கும் முறை

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மதிப்பு, அவ்வாண்டு மே மாதத்தில் 350ஐயுங் கடந்து வீழ்ந்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை அதன்பின் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாவாயின. விரலுக்குத் தக்க வீக்கமே நன்று என்னும் முதுமொழியை உட்கொண்டு, மூன்று வழிகளை முறையே கூறுகின்றோம்.

முதலாவது, கையில் ஏற்கெனவே உள்ள கைத்தொலைபேசியை நன்கு ஆளுதல். பகலொளியில் ஏடுகளையும் படங்களையும் படியெடுக்க அது பெரும்பாலும் போதும். இரண்டாவது, பயன்படுத்திய சிறு கமரா. மூன்றாவது, பயன்படுத்திய வில்லை மாற்றும் கமரா. 2014இல் வெளிவந்த நிக்கொன் டீ3300, 2016இல் வெளிவந்த கெனன் 1300டீ போன்றவை தொடக்கநிலையினர்க்கென ஆக்கப்பட்டவை. கற்றற்கும் கல்லூரிப் பணிக்கும் ஏற்றவை. அவற்றுடன் வரும் 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையான வில்லை தொடக்கத்துக்குப் போதும்.

பயன்படுத்திய கமராவைப் பகலில் மாத்திரம் வாங்குக. அதனைச் சோதிக்கும் முறை வருமாறு:

(அ) வில்லையைக் கழற்றி, ஒருபுறம் டோர்ச் ஒளியைப் பாய்ச்சி மறுபுறம் நோக்குக. சிலந்திவலை போன்ற இழைகள் தோன்றின் அது பூஞ்சணம், அதனை வாங்கற்க.

(ஆ) வெள்ளைச் சுவரொன்றை எஃப் 16இற் படம்பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்க. கரும்புள்ளிகள் உணரியின்மேற் படிந்த தூசியைக் காட்டும். தூசியைத் துடைக்கலாம், கீறலை மாற்றல் அரிது.

(இ) வில்லையை மூடியபடியே ஒரு படம் எடுக்க. இருளில் ஒளிரும் நிறப்புள்ளிகள் மிகுதியாயின் உணரி பழுதுற்றது.

(ஈ) கதவம் எத்தனை முறை திறந்து மூடியது எனக் கேட்டறிக. தொடக்கநிலைக் கமராக்களின் கதவம் 100,000 முறை இயங்கும் என மதிப்பிடுவது வழக்கம்.

(உ) பற்றரி புடைத்திருக்கிறதா, மின்னேற்றி உரியதுதானா, பற்றரியின் அறையில் பச்சைத் துரு உண்டா என நோக்குக. அவ்வகைப் பற்றரி இன்றும் கடையிற் கிடைக்கிறதா என்பதனை முன்னரே உசாவுக. பற்றரி கிடையாத கமரா, தண்ணீர் இல்லாக் கிணறு.

(ஊ) தன் அட்டையைத் தானே கொண்டுசென்று, இருபது படங்கள் எடுத்துப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்க.

பொருள் முழுவதையும் கமராவிலேயே முடக்குதல் தவறு. கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்கி, ஆறு பங்கை வில்லையுடன் கூடிய கமராவுக்கும், ஒன்றரைப் பங்கை முக்காலிக்கும், ஒரு பங்கை நினைவட்டைகளுக்கும், ஒரு பங்கை மேலதிக பற்றரிக்கும், அரைப் பங்கை உலர்பெட்டிக்கும் ஒதுக்குக. படமொன்று 8 மெகாபைட் அளவினதாயின் 32 ஜிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 4,000 படங்கள் அடங்கும். போலி அட்டைகள் சந்தையில் மலிந்துள்ளமையால், வாங்கியவுடன் முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதித்தல் நன்று.

6. கடற்காற்றும் பூஞ்சணமும்

வெளிநாட்டு நூல்கள் சொல்லாத இடர் ஒன்று நம் ஊர்களில் உண்டு. கடற்காற்றில் உப்பு உள்ளது. மாரி காலத்தில் ஈரம் உள்ளது. கச்சான் வீசும் நாள்களில் மணல் உள்ளது. உப்பு உலோகத்தை அரிக்கும். ஈரமும் இருளும் சேர்ந்தவிடத்து வில்லையிற் பூஞ்சணம் படரும். தோலுறையும் துணிப்பையும் ஈரத்தை ஈர்ப்பனவாதலின் அவற்றில் நெடுநாள் வைத்தல் ஆகாது. இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைக்க. நிறம் மாறும் ஜெல்லாயின் நிறம் மாறியபோது சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடுக. அரிசியுட் புதைத்தலும் வேண்டா; தவிடு உட்புகும். கிழமைக்கு ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சத்திற் பயன்படுத்துதலே சிறந்த மருந்து. கடற்கரையிலிருந்து மீண்டதும், சற்றே நனைத்துப் பிழிந்த மென்துணியாற் புறத்தை ஒற்றித் துடைத்து உலர்த்துக. கடற்கரையில் வில்லை மாற்றுதல் கூடாது.

7. படியெடுக்கும் பணி

இனி, கருவியை வாங்கியதன் பயனைக் கூறுவோம். வீட்டிலுள்ள பழைய படங்கள், விவாகப் பத்திரங்கள், காணி உறுதிகள், பள்ளிச் சான்றிதழ்கள், முன்னோர் எழுதிய அறபுத்தமிழ் ஏடுகள், கண்ணகி வழக்குரை ஓலைச்சுவடிகள், மறைந்துபோன சங்கங்களின் மலர்கள் ஆகிய யாவும் படியெடுக்கத் தக்கன.

நேர் வெயில் படாத சன்னலோரத்தில் மேசையிட்டு, கறுப்புத் துணி விரித்து, அதன்மேற் படத்தை வைக்க. கமராவை முக்காலியிற் பொருத்தி, உணரியின் தளமும் படத்தின் தளமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக அமைக்க. இல்லையேல் சதுரம் சரிவகமாகும். மின்வெட்டொளி வேண்டா, அது பளபளத்து முகத்தை மறைக்கும். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8 என வைத்து, இரண்டு செக்கன் தாமதித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால் விரல் அழுத்தும் அதிர்வும் நீங்கும். ஓரத்தில் வெள்ளைத் தாள் துண்டொன்றையும் அடிமட்டத்தையும் வைத்து எடுத்தால், நிறத்தையும் அளவையும் பின்னர்ச் சரிபார்க்கலாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய படத்தை உரித்தெடுக்க முயல்வோர் அதனை அழித்துவிடுவர்; கண்ணாடியுடனேயே படியெடுக்க. ஓலையை எண்ணெய் தடவி விளக்க முயலுதலும் அறியாதார் செய்யத் தக்கதன்று.

படத்தைவிடப் பெயர் முக்கியம். இடமிருந்து வலமாக நிற்போர் யாவர், எடுத்த ஆண்டு யாது, இடம் யாது என்பவற்றை வீட்டு மூத்தோரிடம் அன்றே கேட்டு எழுதுக. பெயரில்லாப் படம் ஐம்பது ஆண்டுகளின் பின் எவர்க்கும் உறவன்று. பெண்டிர் உள்ள படங்களையோ, மறைந்தோர் படங்களையோ வெளியிடுமுன் குடும்பத்தாரின் இசைவு பெறுக. வைத்திருக்கவும் பிறர்க்குக் காட்டவும் வெவ்வேறு இசைவு வேண்டும். படம் பிடிக்க விரும்பாதாரை வற்புறுத்துதல் எச்சமயத்தார்க்கும் தகாது.

எடுத்தவற்றை மூன்று படிகளாக்கி, இரு வேறு வகைக் கருவிகளில், ஒன்றேனும் வேறூரில் இருக்குமாறு வைத்தல் உலகறிந்த முறை. கரையோரத்தில் வாழும் நமக்கு மூன்றாவது விதி உயிர்நிலை போன்றது. ஒரே அலுமாரியில் இருந்த மூன்று படிகளையும் ஒரே அலை கொண்டுபோகும். வாட்ஸ்அப் வழியே வழமைபோல் அனுப்பினால் படம் சுருங்கும்; ஆவண வடிவில் அனுப்பினால் முழுமையாகச் சேரும். இது சிறு செய்தியாயினும், இதனை அறியாமையால் நல்ல படிகள் பல வீணாகின்றன.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. படி இல்லாதவை என்றென்றைக்கும் போயின. 2011இல் ஜப்பானில் எழுந்த ஆழிப்பேரலையின் பின்னரோ, சேற்றிற் கிடந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் பொறுக்கிக் கழுவி, இலக்கமுறையிற் படியெடுத்து உரியவரிடம் சேர்த்தனர். அந்நாட்டுப் புஜிபிலிம் நிறுவனமும் படங்களைக் கழுவும் முறையைக் கற்பித்து உதவிற்று. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம், ஈழத்துத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் மலர்களையும் இலக்கமுறையிற் பேணி வருகின்றது. வழி வகுக்கப்பட்டுள்ளது, நடப்போரே வேண்டும்.

8. முடிவுரை

பழைய மாணவர்காள்! கல்லூரிக்கு என் செய்யலாம் என நீவிர் வினவும்போது, கட்டடமும் மேடையும் நினைவுக்கு வருதல் இயல்பு. நம் வேண்டுகோள் சிறியது. சங்கத்தின் செலவில் நல்ல நிலையிலுள்ள கமரா ஒன்றும் முக்காலி ஒன்றும் கல்லூரிக்கு வாங்கித் தருக. மேல்வகுப்பு மாணவர் அறுவர்க்கு ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையிற் பயிற்சி அளிக்கலாம். அவர்கள் விடுமுறை நாள்களில் வீடு வீடாகச் சென்று, படங்களை வெளியே கொண்டுவராமல் அங்கேயே படியெடுத்து, ஒரு படியை வீட்டாரிடமும் ஒரு படியைக் கல்லூரியிலும் சேர்ப்பர். வெளிநாடுகளில் வாழும் நீவிர் மூன்றாம் படியை ஏற்று வைத்திருப்பீராக. கடல் எட்டாத இடம் உங்கள் கையிலேயே உள்ளது.

மாணவச் செல்வங்காள்! விலை மிகுந்த கருவிக்கு ஏங்கிக் காலங்கழிக்க வேண்டா. கையிலுள்ளதைக் கொண்டு இன்றே உம் பாட்டனாரின் படத்தைப் படியெடுத்து, அதன் கீழ் அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். அப்பெயரைச் சொல்லவல்ல மூத்தோர் இன்று நம்மிடையே இருக்கின்றனர்; அவர்கள் இருக்கும்பொழுதே கேட்டு எழுதுதல் வேண்டும்.